கடமான் தோட்டாவுக்கு மெதுவாக எரியும் மருந்து: புதிதாக நிரப்பப் பழகுகிறவர்களுக்கு

"அண்ணே, டூ-செவன்டிக்கு எந்த மருந்து வாங்கலாம்?" (டூ-செவன்டி என்பது .270 வின்செஸ்டர் தோட்டா, மருந்து என்பது அதற்குள் போடும் வெடிமருந்து.) மெல்பர்னுக்குப் போய் மூன்று நான்கு வருஷம் ஆகி, லைசென்ஸ் எடுத்து, முதல் ரைஃபிளும் வாங்கி, கடைத் தோட்டாவின் விலையைப் பார்த்து மலைத்துப்போன நம் பையன்கள் செந்தூலில் இருக்கும் எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பும் கேள்வி பெரும்பாலும் இதுதான். நான் அங்கே ஒன்பது வருஷம் இருந்தேன். அதில் ஏழு வருஷம் மச்சான் வீட்டுக் கராஜில் அவரோடு உட்கார்ந்து தோட்டா நிரப்பினேன், விக்டோரியா மலைக்காட்டில் கடமான் தேடி நடந்தேன். ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்தான், ஆனால் மருந்தின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு போய் நிரப்புகிற ஆளைப் பார்த்தால் எனக்குப் பயம், அதனால் அந்தப் பெயருக்கு நீங்களே எப்படி வந்து சேரவேண்டும் என்பதை முழுசாக எழுதிவிடுகிறேன்.

அதற்கு முன்னால் இங்கே மலேசியாவிலேயே இருந்துகொண்டு படிக்கிறவர்களுக்கு ஒன்று. இது இங்கே செய்யும் வேலை கிடையாது. துப்பாக்கியோ தோட்டாவோ உரிமம் இல்லாமல் வைத்திருப்பது 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம், வெடிமருந்துக்கு 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் தனியாக இருக்கிறது, கோலாலம்பூரில் ஒரு வீட்டு அறையில் பித்தளைக் கேஸும் (தோட்டாவின் கூடு) பிரைமரும் (கேஸின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) மருந்தும் வைத்துக்கொண்டு "பொழுதுபோக்கு" என்று சொன்னால் போலீஸ் கேட்காது. நான் எழுதுவது ஆஸ்திரேலிய லைசென்ஸ் கையில் இருந்து, அந்த நாட்டில், அந்த நாட்டுச் சட்டத்துக்குள் செய்கிறவர்களுக்கு. விக்டோரியாவில் சென்டர்ஃபயர் (பிரைமர் கேஸின் அடி நடுவில் இருக்கும் வகை) ரைஃபிளுக்குக் காட்டகரி பி லைசென்ஸ் வேண்டும், மான் அடிக்கத் தனியாக கேம் லைசென்ஸ் வேண்டும். இரண்டும் இல்லாதவர்கள் அதை முடித்துவிட்டு வாருங்கள்.

சரி, மருந்துக்கு வருவோம்.

மெதுவாக எரிவது என்றால் என்ன

புதிதாக வருகிறவர்கள் "மெதுவான மருந்து" என்றால் பலம் குறைந்த மருந்து, பத்திரமான மருந்து என்று எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டுமே தப்பு. சாத்தே கடையில் பார்த்திருப்பீர்கள். காய்ந்த தென்னோலையைப் போட்டால் குப்பென்று ஆளுயரம் எழும்பி அரை நிமிஷத்தில் சாம்பல். பாக்காவ் கரி அப்படி எழும்பாது, ஆனால் மணிக்கணக்காக நின்று எரியும், மொத்தச் சூட்டைக் கணக்குப் போட்டால் கரியின் பக்கம்தான் அதிகம். ரைஃபிள் மருந்திலும் வேகமானது, மெதுவானது என்றால் அதுதான் பொருள்: உள்ளே இருக்கும் சக்தியை எவ்வளவு சீக்கிரம் வாயுவாக மாற்றிக் கொடுக்கிறது என்பது. ஆனால் இங்கே "மெதுவு" என்பதும் கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. குண்டு கேஸை விட்டுக் கிளம்பி குழல் வாயைத் தாண்டுவதற்குள் ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கோ கொஞ்சம் கூடவோதான் ஆகும். அந்த நேரத்துக்குள் மருந்து தன் வேலையை எப்படிப் பிரித்துச் செய்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நின்றுபோன காடியைத் தள்ளிய அனுபவம் எல்லோருக்கும் இருக்கும். பின்னால் ஓடிவந்து ஒரே இடியாக இடித்தால் பம்பர் நசுங்கும், காடி நகராது. கையை வைத்து, நகர ஆரம்பித்ததும் அழுத்தத்தை விடாமல் கூடவே நடந்து தள்ளினால் ஓடும். கனமான குண்டுக்கும் அதுதான் தேவை. வேகமான மருந்து போட்டால் குண்டு அசைவதற்குள் அழுத்தம் உச்சிக்கு ஏறிவிடும், அதற்குமேல் மருந்து சேர்க்க இடமே இருக்காது, வேகமும் வராது. மெதுவான மருந்தில் அதே உச்ச அழுத்தத்துக்குள் அதிக அளவு மருந்து போடலாம், உச்சி தாண்டிய பிறகும் வாயு வந்துகொண்டிருக்கும், குண்டு குழலுக்குள் போகப்போகப் பின்னால் தள்ளு இருக்கும். அந்த உச்ச அழுத்தம் எவ்வளவு தெரியுமா? .270 வின்செஸ்டருக்கு அமெரிக்கத் தர நிர்ணயம் சதுர அங்குலத்துக்கு 65,000 பவுண்டு. உங்கள் காடி டயரில் இருப்பது 30, 32. ஏறத்தாழ இரண்டாயிரம் மடங்கு, அதுவும் உங்கள் கன்னத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில்.

மருந்தை உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள் (கொட்டிப் பார்த்ததை டப்பாவில் திரும்பப் போடாதீர்கள், கை ஈரம், வியர்வை எல்லாம் அதில் இருக்கும்). மெதுவான குச்சி மருந்து, பென்சில் கரியைப் பொடிப்பொடியாக நறுக்கியது மாதிரி, கருஞ்சீரகத்தைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கும். கண்ணுக்கு அருகில் கொண்டுபோனால் குச்சியின் நடுவில் ஊசிக்குத்து போல ஒரு துளை தெரியும். வெளிப்பக்கம் எரிந்து குச்சி ஒல்லியாகும்போது உள்துளை எரிந்து அகலமாகும், அதனால் எரியும் பரப்பு சட்டென்று குறைந்துவிடாது. மேலே எரிப்பைத் தாமதப்படுத்தும் ஒரு ரசாயனப் பூச்சு, அதற்கும் மேலே கிராஃபைட். கையில் ஒட்டும் பளபளப்பான கருப்பு அதுதான், நிலைமின்சாரம் சேராமலும் மணிகள் வழுக்கி ஓடவும் பூசுவார்கள். உருண்டை மருந்து என்று இன்னொரு வகை உண்டு, கசகசா போல இருக்கும், அளவைக் கருவியில் தண்ணீர் மாதிரி ஓடும். இரண்டிலும் அடிப்படைப் பொருள் நைட்ரோசெல்லுலோஸ்; சிலவற்றில் நைட்ரோகிளிசரினும் சேர்ப்பார்கள்.

கேஸையும் குண்டையும் முதலில் பாருங்கள்

மருந்துக் கடையில் நின்று யோசிக்கக் கூடாது. வீட்டில், துப்பாக்கியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்கவேண்டும். குழலில் பொறித்திருக்கும் தோட்டாவின் பெயரை முழுசாக எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் என்ன மிருகம், அதற்கு என்ன எடைக் குண்டு என்று முடிவெடுங்கள். மருந்து மூன்றாவதுதான் வரும்.

விக்டோரியாவில் கடமானுக்கு இந்த முடிவில் பாதியைச் சட்டமே எடுத்துவிட்டது: குறைந்தது .270 காலிபர் (குழல் துளையின் விட்டம், அங்குலக் கணக்கில்), குண்டு குறைந்தது 130 கிரெயின். (ஒரு கிரெயின் என்பது 0.0648 கிராம், 7,000 கிரெயின் சேர்ந்தால் ஒரு பவுண்டு. தோட்டா நிரப்பும் கையேடு எல்லாமே கிரெயினில்தான் பேசும், கிராமுக்கு மாற்றி மனசுக்குள் கணக்குப் போடாதீர்கள்.) அந்த மான் நம் ஊர் ரூசாவின் இனம்தான், 1860களில் இலங்கை, இந்தியப் பக்கத்திலிருந்து கப்பலில் கொண்டுபோய் விட்டது, இன்று மான்ஸ்ஃபீல்டு, டார்கோ பக்க மலை முழுக்கப் பரவி நிற்கிறது. ஆண் மான் 200 கிலோவைச் சுலபமாகத் தாண்டும். அதனால் .270-இல் நிறையப் பேர் 130-ஐ விட்டுவிட்டு 150 கிரெயின் குண்டுக்குப் போகிறார்கள், நானும் அப்படித்தான்.

இப்போது கேஸ். குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குடம் பெரிதாகி, கழுத்து சின்னதாக ஆக ஆக, மெதுவான மருந்து தேவைப்படும். .308 வின்செஸ்டர் கேஸில் சுமார் 56 கிரெயின் தண்ணீர் பிடிக்கும், குண்டின் விட்டம் .308 அங்குலம். .270 கேஸில் சுமார் 67 கிரெயின் பிடிக்கும், ஆனால் குண்டின் விட்டம் .277 அங்குலம்தான். குடம் பெரிது, வாய் சின்னது. அதனால்தான் .308-க்கு நடுத்தர வேக மருந்து நன்றாக இருக்கும்போது, 1925இல் வந்த .270, பிறந்த நாளிலிருந்தே மெதுவான மருந்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அடுத்தது குண்டின் எடை: அதே கேஸில் குண்டு கனமாகும்போது மருந்து இன்னும் ஒரு படி மெதுவாகப் போகலாம். 7 மிமீ ரெமிங்டன் மேக்னம், .300 வின்செஸ்டர் மேக்னம் எல்லாம் இன்னும் பெரிய குடங்கள், அவற்றுக்கு அதைவிட மெதுவானது.

பெயரோடு சொல்லவேண்டும் என்றால், ஆஸ்திரேலியக் கடைகளில் கிடைக்கும் ஏடிஐ என்ற அந்நாட்டு மருந்து வரிசையில் ஏஆர்2208 நடுத்தரம், .308-க்கு அடிக்கடி போடுவது. ஏஆர்2209 அதைவிட மெதுவு, முப்பது-நாட்-சிக்ஸ் (.30-06), .243, .270 தோட்டாக்களுக்குப் பொருந்தும். ஏஆர்2213எஸ்சி இன்னும் மெதுவு, .270-இல் 130, 150 கிரெயின் இரண்டுக்கும், பெரிய மேக்னம்களுக்கும். ஏஆர்2217 மேக்னத்தில் கனமான குண்டு போடுகிறவர்களுக்கு. தொடக்கத்தில் பையன்கள் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் வந்துவிட்டது: .270-இல் 150 கிரெயின் என்றால் ஏஆர்2209 அல்லது ஏஆர்2213எஸ்சி. நான் இரண்டாவதைத் தேர்ந்தேன், ஏன் என்று கீழே வரும். எத்தனை கிரெயின் போடுவது என்பதை மட்டும் நான் எழுத மாட்டேன், வாட்ஸாப்பில் கேட்டாலும் சொல்ல மாட்டேன். அது உங்கள் குண்டுக்கு, உங்கள் மருந்துக்கு என்று தயாரிப்பாளர் அச்சடித்த அட்டவணையிலிருந்து மட்டும் வரவேண்டும்.

எரிவேக வரிசைப் பட்டியல் என்று ஒன்று எல்லா இடத்திலும் கிடைக்கும், வேகமானதிலிருந்து மெதுவானது வரை நூறு நூற்றைம்பது மருந்துகளை அடுக்கியிருப்பார்கள். எந்த மருந்து எந்த மருந்தின் பக்கத்து வீடு என்று தெரிந்துகொள்ள மட்டும் அது உதவும். பட்டியலில் அடுத்தடுத்து இருக்கிறது என்பதால் ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போட்டுவிடாதீர்கள், கேஸுக்குக் கேஸ் அந்த வரிசையே மாறும்.

பெயரைக் கடைசி எழுத்து வரை படியுங்கள்

இதை நான் அனுபவப்பட்டுச் சொல்கிறேன். ஏடிஐ மருந்துகள் நியூ சவுத் வேல்ஸில், மர்ரி ஆற்றங்கரையில், மல்வாலா என்ற ஊரில் தயாராகின்றன. அதே தொழிற்சாலையின் மருந்து அமெரிக்காவுக்குப் போய் ஹாட்ஜ்டன் டப்பாவில் வேறு பெயரில் விற்கிறது: ஏஆர்2208 அங்கே வார்கெட், ஏஆர்2209 அங்கே எச்4350, ஏஆர்2213எஸ்சி அங்கே எச்4831எஸ்சி, ஏஆர்2217 அங்கே எச்1000. இது தெரிந்தால் இரண்டு பக்க அட்டவணையும் உங்களுக்குப் பயன்படும், நல்ல விஷயம்.

ஆபத்து எங்கே என்றால், 4831 என்ற எண் இன்னொரு பிராண்டின் மருந்திலும் இருக்கிறது. ஐஎம்ஆர் 4831. எண் ஒன்று, மருந்து வேறு, ஐஎம்ஆர் கொஞ்சம் வேகமானது. எச்4831-க்கு எழுதிய உச்ச அளவை ஐஎம்ஆர் 4831-இல் போட்டால் அழுத்தம் எல்லை தாண்டும். இரண்டாவது வருஷம் நான் ஒரு சனிக்கிழமை மாலை பழைய அமெரிக்கக் கையேட்டைத் திறந்து, பக்கத்தின் நடுவில் "4831" என்று பார்த்ததும் அந்த வரியின் எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டேன். மச்சான் தேநீரை வைத்துவிட்டுக் கையேட்டைத் தன் பக்கம் திருப்பி, அந்த வரியில் விரலை வைத்து, இடப்பக்கம் நகர்த்தி, முன்னால் இருந்த மூன்று எழுத்தைக் காட்டினார். ஒன்றும் பேசவில்லை. என் கையில் இருந்தது எச் வகை, நான் எழுதியது ஐஎம்ஆர் அளவு. அன்று தப்பு நடந்த திசை ஆபத்தில்லாத திசை, ஆனால் மறுபக்கமும் அதே சுலபத்தில் நடந்திருக்கும். அன்றிலிருந்து டப்பாவில் இருக்கும் பெயரை முதலில் நோட்டில் எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதுவேன், அதற்குப் பிறகுதான் கையேட்டைத் திறப்பேன்.

கடையில்

ஒரு டப்பா போதும், 500 கிராம். கணக்குக்காகத் தோட்டாவுக்கு 60 கிரெயின் என்று வைத்தால் 120, 130 தோட்டா வரும். முதல் வருஷத்துக்கு அது தாராளம். பிடித்துப்போனால் ஒரே லாட் எண்ணில் (டப்பாவில் இருக்கும் தயாரிப்புத் தொகுதி எண்) பெரிதாக வாங்குங்கள், ஏனென்றால் லாட் மாறும்போது எரிவேகத்தில் சின்ன வித்தியாசம் வரும், புது லாட் திறந்தால் அளவைக் குறைத்து மறுபடி ஏறி வரவேண்டும். இன்னொரு யோசனை: உங்கள் ஊர்க் கடையில் எப்போதும் கிடைக்கும் மருந்தாகப் பாருங்கள். எங்கேயோ படித்த அபூர்வ மருந்தை வைத்து ஆறு மாசம் உழைத்து அளவு கண்டுபிடித்து, அது மறுபடி வராமல் போனால் எல்லாம் வீண்.

குழல் நீளத்தைப் பற்றிக் கடைக்காரர்கள் ஒன்று சொல்வார்கள், "உங்களுடையது 20 அங்குலம்தானே, வேகமான மருந்து போடுங்கள்" என்று. பெரும்பாலும் இது சரியில்லை. நீளக் குழலில் அதிக வேகம் கொடுக்கும் மருந்துதான் குட்டைக் குழலிலும் அதிக வேகம் கொடுக்கும். குழல் வாயில் சத்தமும் வெளிச்சமும் கூடும், அவ்வளவுதான். அந்தச் சத்தம் பிடிக்காதவர் ஒரு படி வேகமான மருந்துக்குப் போகலாம், அதில் தப்பில்லை.

நான் ஏஆர்2213எஸ்சி எடுத்த காரணம் மூன்று. கேஸைத் தோள்வரை நிரப்பிவிடும். தவறிப்போய் ஒரே கேஸில் இரண்டு முறை ஊற்றினால் வழிந்து மேஜையில் கொட்டும், மறைக்கவே முடியாது. பெயரில் உள்ள எஸ்சி என்பது குச்சியைக் குட்டையாக வெட்டியது என்று பொருள், அளவைக் கருவியில் அடைக்காமல் ஓடும்.

மேஜையில்

கேஸைக் கழுவுவது, அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவருவது, நீளம் பார்த்து வெட்டுவது, பிரைமர் வைப்பது, இதெல்லாம் எந்தக் கருவி வாங்கினாலும் அதன் தாளிலேயே இருக்கும், இங்கே எழுதவில்லை. மருந்து ஊற்றும் இடத்தில் மட்டும் நிற்கிறேன்.

மேஜையில் ஒரே ஒரு மருந்து டப்பா. மற்றவை அலமாரியில், கதவு சாத்தி. போன் வேறு அறையில். சிகரெட் குடிக்கிறவர் பக்கத்திலேயே வேண்டாம். தராசை ஒவ்வொரு முறையும் சோதனை எடைக்கல் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். எலக்ட்ரானிக் தராசு என்றால் ஃபேன் காற்றுக்குக்கூட எண் நகரும்.

கையேட்டில் தொடக்க அளவு, உச்ச அளவு என்று இரண்டு எண் இருக்கும். தொடக்க அளவிலிருந்து தொடங்குங்கள். குண்டு, கேஸ், பிரைமர் மூன்றும் கையேட்டில் சொன்னதாக இருக்கட்டும். ஒன்றை மாற்றினாலும் மறுபடி தொடக்கத்துக்கே வரவேண்டும். சாதாரண பிரைமர் போடச் சொன்ன இடத்தில் மேக்னம் பிரைமர் போடுவதும் அந்த மாற்றங்களில் ஒன்றுதான். எடை ஒன்றாக இருந்தாலும் செம்புக் குண்டும் ஈயக் குண்டும் ஒன்றில்லை, செம்பு நீளமாக இருக்கும், கேஸுக்குள் இடத்தைத் தின்னும், அதற்கென்று எழுதிய அளவைத் தேடுங்கள்.

கையேட்டில் சில அளவுகளுக்குப் பக்கத்தில் சி என்ற எழுத்து இருக்கும், கம்ப்ரஸ்டு, அதாவது அழுத்தி நிரப்புவது என்று பொருள். மருந்து கழுத்தடி வரை ஏறி, குண்டை அழுத்தும்போது நறநறவென்று நெரியும். கையேடு சொல்லியிருந்தால் அது சரிதான், பயப்படவேண்டாம்.

இப்போது முக்கியமான இடம். புதியவர்கள் எல்லோரும் மனசுக்குள் ஒரு கணக்குப் போடுவார்கள்: "தொடக்க அளவைவிட இன்னும் பத்துக் கிரெயின் குறைத்துப் போட்டால் இன்னும் பத்திரம்தானே, உதையும் குறையும்." மெதுவான மருந்தில் இது பொய். பெரிய கேஸில் மெதுவான மருந்தை அரைகுறையாகப் போட்டால், மருந்து படுத்துக் கிடக்க மேலே காலியிடம் நிற்கும், பிரைமரின் நெருப்பு முழுதாகப் பற்றாது. தோட்டா தாமதித்து வெடிக்கலாம், குண்டு குழலின் நடுவில் நின்றுபோகலாம், அரிதாக அழுத்தம் கட்டுக்கடங்காமல் எகிறித் துப்பாக்கியே உடைந்தும் இருக்கிறது. ஏன் அப்படி எகிறுகிறது என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை, ஆனால் தயாரிப்பாளர்கள் எல்லோரும் ஒரே குரலில் எச்சரிக்கிறார்கள்: மெதுவான மருந்தில் தொடக்க அளவுக்குக் கீழே இறங்காதே. பிள்ளைக்குப் பழக்க மென்மையான தோட்டா வேண்டும் என்றால் அதற்கு ஏற்ற வேகமான மருந்தும் அதற்கான அட்டவணையும் தனியாக இருக்கின்றன. ஹாட்ஜ்டன் கம்பெனியே எச்4895 மருந்தை உச்ச அளவில் 60 சதவீதம் மட்டும் போடும் அளவுக்கு இறக்கலாம், அதற்குக் கீழே கூடாது என்று சொல்கிறது. அந்தச் சலுகையை எச்4831-க்குக் கொண்டுவராதீர்கள்.

தெரிந்தே குறைத்தால்தான் என்றில்லை, தெரியாமலும் குறையும். முதல் வருஷம், குளிர்காலம், ஐம்பது கேஸ் தட்டில் வரிசையாக நிற்கிறது. அப்போது என்னிடம் இருந்தது நீளக் குச்சி மருந்து. கிண்ணியில் நிறுத்துப் புனலில் கொட்டுகிறேன், புனலைத் தூக்கி அடுத்த கேஸுக்கு வைக்கிறேன், கொட்டுகிறேன். ஏதோ ஒரு கேஸில் மருந்து வழிந்து தட்டில் சிதறியது. நிறுத்ததெல்லாம் சரியாக இருக்கிறதே, எப்படி என்று புரியாமல் நின்றேன். மச்சான் டார்ச்சை எடுத்து ஒவ்வொரு கேஸாக உள்ளே அடித்துப் பார்த்தார். வழிந்த கேஸுக்கு முந்தியதில் மருந்து பாதிதான் இருந்தது. குச்சிகள் புனலின் கழுத்தில் குறுக்கும் நெடுக்குமாக விழுந்து பாலம் போட்டு நின்றுவிட்டன, .270 கழுத்து 7 மில்லிமீட்டர்தான், அடுத்த முறை கொட்டியபோது மொத்தமும் சரிந்து இறங்கியிருக்கிறது. வழியாமல் இருந்திருந்தால் ஒரு தோட்டா அரைகுறை, ஒரு தோட்டா மிதமிஞ்சியது, இரண்டும் பார்க்க ஒரே மாதிரி.

அதனால்: கொட்டியதும் புனலை விரல் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டுங்கள், புனலுக்குள் பாருங்கள். ஐம்பதும் முடிந்ததும், குண்டு வைப்பதற்கு முன்னால், டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து எல்லாக் கேஸிலும் மட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று வரிசை வரிசையாகப் பாருங்கள். ஒன்றில் சந்தேகம் வந்தால் அதை மட்டும் கொட்டி மறுபடி நிறுங்கள். இரண்டில் வந்தால் ஐம்பதையும் கொட்டுங்கள்.

ரேஞ்சில்

ஒவ்வொரு அளவுக்கும் மூன்று நான்கு தோட்டா, அரைக் கிரெயின் படியாக ஏற்றி, ஒவ்வொரு பையிலும் அளவை எழுதிக் கொண்டுபோங்கள். குறைந்த அளவிலிருந்து சுடுங்கள். குரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) கட்டாயம், இரவலாவது வாங்குங்கள். உச்ச அளவுக்குக் கையேடு சொல்லும் வேகத்தை உங்கள் துப்பாக்கி அதற்கு முன்பே தொட்டுவிட்டால், அழுத்தமும் அங்கே வந்துவிட்டது என்று பொருள், அதற்குமேல் போகக் கூடாது, கையேட்டில் இன்னும் இரண்டு கிரெயின் பாக்கி இருந்தாலும் சரி.

சுட்ட கேஸை ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். பிரைமர் ஓரம் தட்டையாகி விளிம்பு மறைந்திருக்கிறதா, ஊசி பட்ட இடத்தைச் சுற்றி மேடு கிளம்பியிருக்கிறதா, பித்தளையில் எஜெக்டரின் (சுட்ட கேஸை வெளியே தள்ளும் முளை) வட்டத் தடம் பளபளவென்று பதிந்திருக்கிறதா, போல்ட் (கேஸின் பின்பக்கத்தை அடைக்கும் பூட்டு) தூக்கக் கனக்கிறதா. இதில் ஒன்று தெரிந்தாலும் நிறுத்துங்கள், மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்துவிடுங்கள். இந்த அடையாளங்கள் முன்னெச்சரிக்கை என்று நினைக்கிறார்கள், ஆனால் அவை தெரியும்போதே பெரும்பாலும் எல்லை தாண்டியாகிவிட்டது. ஒரு அடையாளமும் தெரியவில்லை என்பதற்காக உச்ச அளவைத் தாண்டவும் கூடாது.

வேகத்தைத் துரத்தாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பேன். வினாடிக்கு முப்பது மீட்டர் கூடினாலும் குறைந்தாலும் மானுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. டார்கோ பக்கக் காட்டில் புதருக்குள் நூறு மீட்டர்கூடத் தெளிவாகத் தெரியாது. குண்டு எப்போதும் ஒரே இடத்தில் போய் விழுகிற அளவு எதுவோ, அது உச்சத்துக்கு இரண்டு கிரெயின் கீழே இருந்தாலும், அதுதான் நல்ல அளவு. அடித்த மான் விழுந்த இடத்திலேயே கிடக்கவேண்டும், அடிபட்டுப் பள்ளத்தாக்கில் இறங்கிப்போய் ராத்திரி முழுக்கக் கிடந்து சாகக் கூடாது, நிரப்புகிறவனுக்கு அந்தப் பொறுப்பு கடைத் தோட்டா வாங்குகிறவனைவிட அதிகம்.

சூடும் குளிரும்

நம் ஊரில் வருஷம் பூராவும் 32, 33 டிகிரி, அதனால் இது நமக்குச் சட்டென்று தோன்றாது. அங்கே ஜூலையில் மலைமேல் விடியற்காலை பூஜ்ஜியத்துக்குக் கீழே, ஜனவரியில் மெல்பர்னில் 40 தாண்டும். மருந்து சூடாக இருந்தால் வேகமாக எரியும், அழுத்தம் ஏறும். குளிர்காலத்தில் உச்சத்தில் பார்த்து வைத்த அளவு, வெயிலில் நிறுத்திய காடியின் பின்பக்கம் மூன்று மணி நேரம் கிடந்த பிறகு அதே அளவு இல்லை. ஏடிஐ-யின் குச்சி மருந்துகள் இந்த ஏற்ற இறக்கத்தைக் குறைப்பதற்கென்றே செய்தவை, அதனால்தான் உலகம் முழுக்க விரும்பி வாங்குகிறார்கள், ஆனாலும் வித்தியாசம் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. முடிந்தால் அளவைக் கோடையில் சோதித்து முடிவுசெய்யுங்கள், குளிர்காலத்தில் குறி எங்கே விழுகிறது என்று மறுபடி பாருங்கள். தோட்டாவை வெயிலில் வைக்காதீர்கள், சூடேறிய குழலுக்குள் போட்டுக் காத்திருக்காதீர்கள்.

வைப்பதும் விட்டுவருவதும்

மருந்து அதன் சொந்த டப்பாவில்தான் இருக்கவேண்டும். ஹார்லிக்ஸ் போத்தலில் ஊற்றி வைத்து, ரெண்டு வருஷம் கழித்து "இது என்ன மருந்து" என்று மோந்து பார்க்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெயர் தெரியாத மருந்தை அடையாளம் கண்டுபிடிக்க வழியே இல்லை, அதை நிரப்பக் கூடாது. குளிர்ந்த, உலர்ந்த இடம், பிள்ளைகளுக்கு எட்டாத பூட்டு, ஆனால் இறுக்கி மூடும் கனமான இரும்புப் பெட்டி வேண்டாம். தீப்பிடித்தால் அடைபட்ட மருந்து அந்தப் பெட்டியையே வெடிகுண்டாக்கிவிடும். நல்ல மருந்தில் லேசாக ஈதர் வாடை வரும். மூடியைத் திறந்ததும் மூக்கை எரிக்கும் புளித்த நெடியோ, செம்பழுப்புத் தூளோ தெரிந்தால் அது கெட்டுவிட்டது. சந்தேகப்படும் மருந்தை எப்படி ஒழிப்பது என்று விற்ற கடையிலோ கவுன்சிலிலோ கேளுங்கள். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டைத் தொடவேண்டும், பிரைமரிலும் குண்டிலும் ஈயம் இருக்கிறது.

நிரப்பிய தோட்டாப் பெட்டியில் தேதி, குண்டு, மருந்தின் முழுப்பெயர், லாட் எண், அளவு, பிரைமர், கேஸ் எத்தனையாவது முறை நிரப்பியது, எல்லாம் எழுதுங்கள். என் பெட்டிகள் இன்னும் மச்சான் அலமாரியில் இருக்கின்றன, நான் போகாமலே போனில் கேட்டு அவரால் எல்லாம் சொல்ல முடிகிறது.

ஊருக்குத் திரும்பும்போது மருந்தும் பிரைமரும் விமானத்தில் எந்தப் பெட்டியிலும் வரக் கூடாது, தபாலிலும் அனுப்ப முடியாது. லைசென்ஸ் உள்ள இன்னொருவரிடம் சட்டப்படி கொடுத்துவிட்டு வாருங்கள். வேட்டைக்குப் போட்ட ஜாக்கெட்டையும் பையையும் ஊருக்குக் கொண்டுவராமல் இருப்பதே நல்லது. கொண்டுவந்தே ஆகவேண்டும் என்றால், கிளம்புவதற்கு முந்தின நாள் மேஜைமேல் கவிழ்த்து உதறி, எல்லாப் பாக்கெட்டின் உட்புறத்தையும் வெளியே இழுத்து, தையல் ஓரத்தைக்கூட விரலால் தடவிப் பாருங்கள். நான் அப்படித் தடவியபோது மார்புப் பாக்கெட்டின் கிழிந்த உள்துணிக்குள் ஒரு சுட்ட கேஸ் கிடந்தது, கேஎல்ஐஏ விமானத்துக்கு அப்போது பதினான்கு மணி நேரம் இருந்தது.